வெள்ளைச் சட்டைக்காரரின் நல்ல காற்று

அவரைப் பற்றி நல்லதாக ஏதாவது சொல்லித்தான் ஆக வேண்டுமென்றால் ஒன்று சொல்லலாம். சட்டை வெள்ளையாக இருக்கும். விருத்தாசலம் தொழிற்பேட்டையில் பீங்கான் சூளை வைத்துக்கொண்டு, சாயங்காலம் வரைக்கும் வெள்ளைச் சட்டையை வெள்ளையாகவே வைத்திருந்த மனுஷன் எனக்குத் தெரிந்து அவர் ஒருவர்தான். நாங்கள் காலையில் எந்தக் கலரில் உள்ளே போனாலும் மத்தியானத்துக்குள் எல்லாரும் ஒரே கலர். அவர் மட்டும் இப்போதுதான் இஸ்திரி போட்டு இறக்கியதுபோல நிற்பார். அந்தச் சட்டையைப் பார்த்தாலே எனக்கு வயிறு எரியும். இப்போதும் பஸ்ஸில் அப்படி ஒரு சட்டை பக்கத்தில் வந்து உட்கார்ந்தால் நான் எழுந்து போய்க் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்பேன்.

பெயர் சொல்ல மாட்டேன். பயமெல்லாம் ஒன்றும் இல்லை. அந்தப் பெயர் வைத்துக்கொண்டு ஊரில் நாலு நல்ல மனுஷர்கள் இருப்பார்கள், அவர்களுக்கு எதற்குக் கெட்ட பேர்? மொதலாளி என்றே சொல்கிறேன்.

அவருடைய சூளைக்கு ஏழு வருஷம் தீ போட்டவன் நான். ஊறுகாய் ஜாடி, ப்யூஸ் கட்டை, சீசனுக்குக் கொஞ்சம் பொம்மை, இதுதான் அங்கே வேகும் சரக்கு. உள்ளே சரக்கை அடுக்கிக் கதவைச் செங்கல் வைத்து அடைத்துவிட்டால் அப்புறம் என் ராஜ்யம். சூளைக்கு இரண்டு பக்கமும் அடுப்பு வாய் இருக்கும். மண்வெட்டியால் அள்ளி அள்ளிப் போட்டுக்கொண்டே இருக்க வேண்டும். ஒன்றரை நாள் சூடு இறங்காமல் பார்த்துக்கொள்ள வேண்டும். சூடு தவறினால் ஜாடியெல்லாம் விரிசல் விட்டுவிடும். அந்த விஷயத்தில் என் கை தப்பினதே இல்லை. அதைப் பெருமையாகச் சொல்லித் திரிந்திருக்கிறேன். வெட்கக்கேடு.

எதை அள்ளிப் போட்டேன் என்று சொல்ல வேண்டும் அல்லவா? முந்திரி ஓடு. எங்கள் பக்கம் முந்திரி உடைக்கிற கொட்டகைகளுக்குக் குறைச்சலே இல்லை. பருப்பை எடுத்துக்கொண்டு ஓட்டை மலைமலையாகக் குவித்து வைத்திருப்பார்கள். அதை லாரியில் ஏற்றி வந்து எங்கள் கொட்டகையில் கொட்டுவார்கள். அந்த ஓட்டுக்குள் ஒரு எண்ணெய் இருக்கிறது. கையில் பட்டால் கொப்புளம் கிளம்பும். நெருப்பில் பட்டால் திகுதிகுவென்று பிடிக்கும், மலிவாகச் சூடு கிடைக்கும். ஆனால் அதோடு பிசுபிசுவென்று கறுப்பாக ஒரு புகை வரும், மிளகாய் வற்றலைத் தீய்த்ததுபோலத் தொண்டையைப் பிடிக்கும். கடைசியில் சூட்டைத் தூக்கிவிட நாலு பழைய டயர்த் துண்டு வேறு. அது உள்ளே விழுந்தால் ஊருக்கே தெரியும், மொதலாளிக்கு மட்டும் தெரியாது.

அவருக்கு எப்படித் தெரியாமல் போகும் என்கிறீர்களா? அங்கேதான் இருக்கிறது அந்த மனுஷனின் சாமர்த்தியம். தன் மேல் படாத புகையைப் புகை என்றே அவர் ஒத்துக்கொள்ள மாட்டார்.

சூளைக்கூரை மேல் ஒரு மூங்கில் நட்டு, அதன் உச்சியில் சிவப்புத் துணி ஒன்று கட்டியிருந்தார். வேலைக்குச் சேர்ந்த புதிதில் அதை ஏதோ சாமிக்கு வேண்டிக்கொண்ட துணி என்று நினைத்து நான் தினமும் கன்னத்தில் போட்டுக்கொண்டிருந்தேன். ஒரு மாசம் கழித்துத்தான் தெரிந்தது. அது எந்தப் பக்கம் பறக்கிறது என்று பார்த்துவிட்டுத்தான் மனுஷன் தீ போடச் சொல்வார். அவருடைய ஏ.சி. ரூம் சூளைக்குக் கிழக்கே. நாங்கள் குடியிருந்த லைன் வீடு மேற்கே, மதிலை ஒட்டினாற்போல் பதினோரு வீடு. எல்லாம் அவரே கட்டிவிட்டது, ஆள் கைக்கெட்டும் தூரத்தில் இருக்க வேண்டுமே. துணி மேற்கே பறந்தால் ரூம் கதவைத் திறந்துகொண்டு வாசலில் வந்து நிற்பார். முகம் மலர்ந்திருக்கும்.

"நல்ல காத்துடா. மூட்டுங்க."

துணி கிழக்கே பறந்தால் அன்றைக்கு அது கெட்ட காற்று. "இன்னிக்கு வேணாம், நாளு சரியில்ல" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விடுவார். காற்றில்கூட நல்லது கெட்டது பிரித்த மகாராசன்.

ஆடி மாசம் வந்தால் காற்று மேற்கே இருந்து சுற்றிச் சுழற்றி அடிக்கும். புகை முழுக்க அவர் ரூம் பக்கம்தான் போகும். அதற்கு அவர் வைத்திருந்த வழி என்ன தெரியுமா? ஆடியில் சூளை மூட்டுவது குடும்பத்துக்கு ஆகாது என்று ஒரு சாத்திரம். எந்த ஊரில் அப்படி ஒரு சாத்திரம் இருக்கிறது? பக்கத்து ஷெட்டில் எல்லாம் ஆடியில் ஜாம் ஜாமென்று சூளை வேகிறது. எங்கள் ஷெட்டில் மட்டும் ஆடி முழுக்க வேலை இல்லை, கூலி இல்லை. பொம்பளைகள் அம்மன் கோயிலுக்குக் கூழ் ஊற்றப் போனால் அவர்களையும் கூப்பிட்டு, "நான் ஆடிக்கு எவ்ளோ பயப்படுறேன் பாத்தீங்களா, அந்த பக்தி உங்களுக்கும் வேணும்" என்று புத்தி சொல்வார். தூ!

ஆனால் மார்கழி வந்தால் பக்தி எல்லாம் போய்விடும். மார்கழியில் பனி மேலே இருந்து அமுக்கும். காற்று கிழக்கே இருந்து மெல்ல வரும். புகை மேலே ஏறாமல் அப்படியே தரையோடு தரையாக எங்கள் லைன் வீட்டு வாசலில் வந்து படுத்துக்கொள்ளும். விடியற்காலையில் கோலம் போட்ட மாவு ஏழு மணிக்குச் சாம்பல் கலரில் கிடக்கும். அந்த மாசத்தில்தான் வாரத்துக்கு இரண்டு சூளை போடச் சொல்வார்.

கரண்டு போகிற நேரத்தில் அவர் இன்னும் நன்றாகத் தெரிவார். எங்கள் பக்கம் கரண்டு போனால் சொல்லிக்கொண்டு போகாது. மண் அரைக்கிற மெஷின் நின்றுவிடும், வனைகிற சக்கரம் நின்றுவிடும், நாங்கள் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்போம். ஒரு ஜெனரேட்டர் இருந்தது. அது மெஷினுக்கு இல்லை. அவருடைய ஏ.சி.க்கு. ஒரு ஆள் குளிர்ச்சியாக உட்கார அவ்வளவு பெரிய டீசல் இன்ஜின் தடதடவென்று உறுமும். முதலில் அதன் புகைக்குழாய் அவர் ஜன்னலைப் பார்த்துத்தான் இருந்தது. இரண்டு நாள் மூக்கைச் சுளித்தார். மூன்றாம் நாள் பிளம்பரைக் கூட்டிவந்து வளைவு போட்டு நீட்டி, நாங்கள் உட்கார்ந்து சாப்பிடுகிற வேப்பமரத்தடியைப் பார்க்கத் திருப்பிவிட்டார். சோற்றைத் திறந்தால் டீசல் வாசனை.

"மொதலாளி, சாப்புட முடியலீங்க" என்று போய்ச் சொன்னேன்.

"ஏன், வேற மரமே இல்லியா?" என்றார்.

உண்மையில் இல்லை. இருந்த இன்னொரு மரத்தைக் கார் நிறுத்துவதற்காக அவர்தான் வெட்டினார்.

இப்போது என் சம்சாரத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். பெயர் அஞ்சலை. திட்டக்குடி தாண்டி இருக்கிற மங்களூர்ப் பக்கத்துப் பெண். கல்யாணம் ஆகி வந்தபோது இரண்டு குடம் தண்ணீரை இடுப்பில் ஒன்று தலையில் ஒன்றாக வைத்துக்கொண்டு பேசிக்கொண்டே வருவாள். லைன் வீட்டுக்கு வந்த மூன்றாம் வருஷம் மார்கழியில் ஒரு இருமல் பிடித்தது. சளி என்று நினைத்தோம். தை பிறந்தது, மாசி பிறந்தது, போகவில்லை. அப்புறம் இழுப்பு ஆரம்பித்தது. படுத்தால் மூச்சு வராது. சுவரில் சாய்ந்து உட்கார்ந்தபடியே தூங்குவாள். நெஞ்சுக்குள் பூனைக்குட்டி கத்துகிற மாதிரி சத்தம் கேட்கும். ஒரு குடம் தூக்கினாலே வாசல்படியில் உட்கார்ந்துவிடுவாள். பேசினால் இரண்டு வார்த்தைக்கு ஒரு தரம் நிறுத்துவாள். நான் பக்கத்தில் படுத்துக்கொண்டு அவள் அடுத்த மூச்சு வருகிறதா என்று எண்ணிக்கொண்டிருப்பேன்.

ஆஸ்பத்திரியில் வாயில் ஒரு மூடி மாட்டி மருந்துப்புகை பிடிக்க வைத்தார்கள். டாக்டரம்மா சின்ன வயசு. "வீட்டுல வெறகு அடுப்பாம்மா?" என்று கேட்டது.

"கேஸ் அடுப்புதாங்க" என்றாள் அஞ்சலை.

"அப்புறம் புகை எங்கேருந்து வருது?"

அஞ்சலை திரும்பி என்னைப் பார்த்தாள். நான் கையை மடியில் வைத்துக்கொண்டு கொப்புளத்தை மறைத்தேன்.

அந்த வாரமே அவள் மொதலாளியிடம் போய் நின்றாள். நான் வேண்டாம் என்றேன், கேட்கவில்லை, நானும் பின்னாலேயே போனேன். ரூம் வாசலில் நின்றுகொண்டு, மூச்சு வாங்க வாங்க, "ஐயா, ஓடு போடாதீங்க. கட்டையாவது போடச் சொல்லுங்க. இல்லாட்டி காத்து எங்க பக்கம் இல்லாத நாளாப் பாத்து மூட்டுங்க. என்னால மூச்சு வுட முடியல" என்றாள்.

அவர் ஏ.சி. காற்று வெளியே போகிறதே என்று கதவைப் பாதி மூடிக்கொண்டு பேசினார். "பொகைக்கு என்னாம்மா காலா இருக்குது, ஒன் வூட்டத் தேடிக்கினு நடந்து வர்றதுக்கு? சிம்னி வழியா வானத்துக்குப் போவுது. வானம் என்னா ஒன் வூடா? ரோட்டுல எவ்ளோ லாரி போவுது, பஸ்ஸு போவுது, அவன் வுடுற பொகைய ஏன் கேக்கல? நான் ஒருத்தன்தான் ஒன் கண்ணுக்குத் தெரியுறனா?" என்று கேட்டுவிட்டு, என் பக்கம் திரும்பி, "பொண்டாட்டிக்குச் சத்தா வாங்கிக் குடுடா, ஒடம்புல தெம்பு இல்ல" என்றார்.

நான் தலையை ஆட்டினேன். அதைச் சொல்லாமல் விட்டால் இந்தக் கதை பொய். அவள் பக்கத்தில் நின்றுகொண்டிருக்க, நான் அவருக்குத் தலையை ஆட்டினேன்.

கேஸ் சூளையைப் பற்றி இன்னும் சொல்லவில்லை. ஆமாம், அவரிடம் கேஸ் சூளையும் இருந்தது. மானியத்தில் வாங்கியது. அலமாரி மாதிரி நல்ல உயரம், உள்ளே வெள்ளைப் பஞ்சு ஒட்டினதுபோல் சுவர், புகையே வராத சாமான். பக்கத்தில் நாலு சிலிண்டர் சங்கிலி போட்டு நிற்கும். ஆயுதபூஜைக்குப் பொட்டு வைத்து மாலை போடுவோம். அவ்வளவுதான் அதற்கு வேலை. கேஸில் வேகவைத்தால் கட்டுப்படி ஆகாது என்று மூட்டவே இல்லை. ஆனால் "மூன்று வருஷமாக இதில்தான் சரக்கு வேகிறது" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு, புகையைக் கண்காணிக்கிற சர்க்கார் ஆபீஸுக்கு அனுப்பிக்கொண்டிருந்தார்.

சரி, அப்போது அது எதற்குத்தான் உபயோகப்பட்டது? சொன்னால் சிரிப்பீர்கள். அந்தத் தொழிற்சாலை முழுக்கக் கரி படியாத இடம் அது ஒன்றுதான். கதவைச் சாத்தினால் தூசு நுழையாது. ஆகவே மனுஷன் அதற்குள் ஒரு கம்பி மாட்டி, தன் வெள்ளைச் சட்டைகளைத் தொங்கவிட்டிருந்தார். ஆறு சட்டை, இரண்டு வேட்டி, ஒரு சென்ட் பாட்டில், ஒரு சீப்பு. மத்தியானம் ஒரு தடவை சட்டை மாற்றுவார், யாராவது பார்க்க வந்தால் இன்னொரு தடவை. அவர் வெள்ளையாக இருந்த ரகசியம் இதுதான். சுத்தமாக எரிய வேண்டிய அடுப்பைச் சட்டை தொங்குகிற பீரோவாக்கிவிட்டு, எங்களைக் கரியில் நிற்க வைத்த மனுஷன்.

அஞ்சலை பத்தாவது வரை படித்தவள். எனக்குத் தெரியாமல் நோட்டுப் பேப்பரில் ஒரு மனு எழுதி, லைன் வீட்டுப் பொம்பளைகள் நாலு பேரிடம் கையெழுத்து வாங்கி அதே ஆபீஸுக்குத் தபாலில் போட்டிருக்கிறாள். ஒரு நாள் காலையில் ஜீப் வந்து நின்றது. கண்ணாடி போட்ட அதிகாரியம்மா ஒருத்தர், ஒரு டிரைவர். நல்லவேளையாகவோ கெட்டவேளையாகவோ அன்றைக்குச் சூளை ஆறிக்கொண்டிருந்தது. மொதலாளி வாசலிலேயே அவர்களை நிறுத்தி இளநீர் வெட்டிக் கொடுத்துக்கொண்டிருந்த நேரத்தில், ஓட்டுக்குவியல் மேல் தார்ப்பாய் போட்டு அதன் மேல் உடைந்த ஜாடிகளை நாங்கள் அடுக்கினோம். அப்படித்தான் எங்களுக்கு உத்தரவு.

அந்தம்மா இளநீரைத் தொடவில்லை. நேரே சூளைப் பக்கம் வந்து சிம்னியைப் பார்த்தது, சுவரைத் தொட்டு விரலைப் பார்த்தது. விரல் கறுப்பு.

"அது பழசுங்க மேடம். இப்பல்லாம் கேஸ்தான். சுத்தமா கேஸ்தான்" என்றார் மொதலாளி.

"அப்படியா? மூட்டிக் காட்டுங்க."

"இப்ப சரக்கு இல்லீங்களே."

"காலியா இருந்தாலும் பரவால்ல. மூட்டுங்க."

மொதலாளி என்னைப் பார்த்தார். நான் அவரைப் பார்த்தேன். அந்தக் கதவுக்குப் பின்னால் என்ன தொங்குகிறது என்று எங்கள் இரண்டு பேருக்கும் தெரியும். அவர் கண்ணால் என்னவோ ஜாடை காட்டினார். உள்ளே போய் எடுத்துவிடு என்பதா, கேஸ் தீர்ந்துவிட்டது என்று பொய் சொல்லு என்பதா, எதுவானாலும் அவருக்கு என்ன வேண்டும் என்று எனக்கு நன்றாகவே புரிந்தது. ஆனால் ஏழு வருஷத்தில் முதல் தடவையாக எனக்கு அவர் ஜாடை புரியாமல் போயிற்று. வால்வைத் திறந்தேன், பர்னரில் தீயை வைத்தேன். பக்கென்று பிடித்தது.

அவர் வாயைத் திறக்கலாம். "உள்ளே சட்டை இருக்கு, அணைங்க" என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். சொன்னால் மூன்று வருஷப் பொய் வெளியே வரும். சட்டையா பொய்யா என்று மனுஷன் தவித்த தவிப்பு இருக்கிறதே, முகத்தில் ஈயாடவில்லை. வேட்டி நுனியைப் பிடித்துப் பிடித்து விட்டுக்கொண்டிருந்தார். உள்ளே டப்பென்று ஒரு சத்தம். சென்ட் பாட்டில். அப்புறம் மேல்குழாய் வழியாகக் கரேலென்று புகை கிளம்பியது. துணி கருகுகிற நாற்றமும் மல்லிகை சென்ட்டும் கலந்து ஒரு வாசனை.

"கேஸ்ல ஏன் சார் இவ்ளோ கறுப்பா புகை வருது?" என்று கேட்டது அந்தம்மா.

மனுஷனுக்குப் பதற்றத்தில் புத்தி எங்கே போயிற்றோ. "மொதோ தடவயா மூட்டுறோம்ல மேடம், அதான்" என்றார்.

அந்தம்மா கையில் இருந்த ஃபைலைப் பிரித்து ஒரு பக்கத்தைத் திருப்பிக் காட்டியது. அவர் கையெழுத்துப் போட்ட பக்கம். டிரைவர் அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டு தோள் குலுங்கச் சிரித்தார். மதிலுக்கு அந்தப் பக்கம் ஒரு முக்காலி மேல் ஏறி நின்றுகொண்டு அஞ்சலை எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள். எத்தனையோ மாசம் கழித்து அவள் சிரித்ததை அன்றைக்குத்தான் பார்த்தேன். சிரித்து முடிக்க விடாமல் இருமல் வந்துவிட்டது.

நோட்டீஸ் ஒட்டினார்கள். ஒரு மாசம் சூளை நின்றது. அந்த ஒரு மாசம் அஞ்சலை படுத்துத் தூங்கினாள். நான் பக்கத்தில் படுத்து அவள் மூச்சு சாதாரணமாக வருவதைக் கேட்டுக்கொண்டு கிடந்தேன். எல்லாம் சரியாகிவிட்டது என்று நினைத்தேன். எவ்வளவு பெரிய மடையன் நான்!

ஒரு மாசம் கழித்து மொதலாளி திருந்திவிட்டார். எப்படித் திருந்தினார் என்றால், சிம்னியை இன்னும் பத்தடி உயர்த்திக் கட்டினார். யாராவது வந்தால் காட்டக் கேஸ் சூளையில் இரண்டு ஜாடியை வைத்து மூட்டிவிடுவார். பெரிய சூளையில் பழையபடி ஓடு. முன்பு அவர் மேல் படாத புகைதான் புகை இல்லை. இப்போது ஆபீஸ் கண்ணில் படாத புகையும் புகை இல்லை, அவ்வளவுதான் வித்தியாசம். என்னை வேலையை விட்டும் நிறுத்தவில்லை. அந்த ஓட்டை அள்ளிப் போட வேறு எவன் வருவான்?

"நீ நல்லவன்டா. ஒம் பொண்டாட்டிக்குத்தான் வாய் கொஞ்சம் நீளம். பாரு, அவளுக்காகத்தான் சிம்னிய ஒசத்திக் கட்டுனேன்" என்று முதுகில் தட்டினார். தட்டிய கையைத் துண்டில் துடைத்துக்கொண்டார்.

நான் மண்வெட்டியை எடுத்துக்கொண்டு போனேன். புகை உயரமாகப் போனது. வெயில் நாளில் தாண்டிப் போய் எங்கேயோ கொல்லைகளில் விழுந்தது. பனி நாளில் பழையபடி எங்கள் வாசலுக்கே வந்தது. அஞ்சலைக்கு இழுப்பு திரும்பி வந்தது, முன்பைவிட அதிகமாக. ஒரு நாள் மத்தியானம் நான் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது அந்த ஆளைத் திட்டித் தீர்த்தேன். பாவி, சண்டாளன், இவனுக்கெல்லாம் நல்ல சாவு வருமா என்று என்னென்னவோ சொன்னேன். அஞ்சலை குழம்பை ஊற்றிவிட்டு, மூச்சைச் சேர்த்துக்கொண்டு சொன்னாள்:

"அவரு ஒரு நாளாவது தீக்குச்சி கிழிச்சி நீ பாத்துருக்கியா?"

"இல்ல."

"அப்ப எரிக்கிறது யாரு?"

நான் தட்டைத் தள்ளி வைத்தேன். அவள் அதைக் கோபமாகச் சொல்லியிருந்தால்கூடத் தேவலாம். கணக்குப் போடுகிற பிள்ளை சந்தேகம் கேட்பதுபோலக் கேட்டாள்.

அடுத்த வாரம் அவள் தம்பி வந்து மங்களூருக்குக் கூட்டிக்கொண்டு போய்விட்டான். அங்கே மக்காச்சோளக் கொல்லைக்கு நடுவில் வீடு. போன பத்தாம் நாளே இரண்டு குடம் தண்ணீர் தூக்குகிறாள் என்று போனில் சொன்னான். ஞாயிற்றுக்கிழமை சூளை இறக்கிவிட்டு, வந்த பஸ்ஸில் அப்படியே ஏறிப் போனேன். வாசலில் முகம் எல்லாம் சிரிப்பாக வந்தாள். இரண்டு எட்டு தள்ளி நின்றாள். மூக்கைப் பொத்திக்கொண்டாள். அப்புறம் இருமினாள். இருமி இருமிக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

"வூட்டுக்குள்ள வராத. பம்ப்செட்டுல குளிச்சிட்டு வா. சட்டைய அங்கியே போட்டுட்டு வா" என்றாள்.

கட்டின பொண்டாட்டி. என்னைப் பார்த்து இருமுகிறாள். பம்ப்செட்டுத் தண்ணீரில் சோப்பு தீரத் தீரத் தேய்த்தேன். தலைமுடியில் இருந்து, நகக்கண்ணில் இருந்து அந்தப் பிசுக்கு வந்துகொண்டே இருந்தது. தன் மேல் ஒரு துளி படாமல் அந்த மனுஷன் விட்ட புகையை நான் இவ்வளவு தூரம் பஸ்ஸில் டிக்கெட் எடுத்துச் சுமந்துகொண்டு வந்து அவள் வாசலில் இறக்கியிருக்கிறேன். அவரைப் பார்த்துத் துப்பின எச்சில் எல்லாம் அன்றைக்கு என் மூஞ்சியிலேயே விழுந்தது.

திங்கட்கிழமை நான் போகவில்லை. செவ்வாய்க்கிழமை அவரே போன் போட்டார். ஏழு வருஷத்தில் அவர் எனக்குப் போட்ட முதல் போன்.

"என்னாடா, ஆளக் காணம்? சரக்கு அடுக்கி ரெடியா கெடக்குது."

"நான் இனிமே வரலீங்க. நீங்களே ஒரு நாளு மம்முட்டியப் புடிச்சி எரிச்சிப் பாருங்க" என்றேன்.

சிரித்தார். "ஒன்ன வுட்டா எனக்கு ஆளு இல்லியா?" என்று வைத்துவிட்டார்.

ஆள் கிடைத்துவிட்டான். வீட்டுச் சாமான்களை எடுத்துவர வியாழக்கிழமை போனபோது பார்த்தேன். திட்டக்குடிப் பக்கத்துப் பையன், இருபத்தைந்து வயசு இருக்கும். என் மண்வெட்டி அவன் கையில் இருந்தது. நான் என் பாத்திரம் பண்டங்களை ஒரு சாக்கில் கட்டிக்கொண்டு, அவனிடம் ஒரு வார்த்தை பேசாமல் திரும்பி வந்துவிட்டேன்.

மங்களூர் வந்து அஞ்சலையிடம் எல்லாவற்றையும் கொஞ்சம் பெருமையாகவே சொன்னேன். மொதலாளியை மண்வெட்டி பிடிக்கச் சொன்னதை இரண்டு தடவை சொன்னேன். அவள் மக்காச்சோளக் கதிரை உதிர்த்துக்கொண்டே கேட்டாள்.

"அப்ப சூள நின்னுப் போச்சா?"

"இல்ல. புது ஆளு வந்துட்டான்."

"எங்க குடி வெச்சிருக்காங்க?"

"நம்ம இருந்த வூட்டுலதான். நான் சாமான் எடுக்கும்போதே வெளிய ஒரு ட்ரங்குப் பெட்டி கெடந்துது."

"பொண்டாட்டி இருக்குதா அவனுக்கு?"

நான் யோசித்துப் பார்த்தேன். ட்ரங்குப் பெட்டி மேல் ஒரு குட்டித் தொட்டில் கம்பு கட்டி வைத்திருந்தது ஞாபகம் வந்தது. அதைச் சொன்னேன்.

அஞ்சலையின் கை கதிரோடு நின்றுவிட்டது. "அந்தப் பையன்கிட்ட ஒண்ணும் சொல்லாமியா வந்த?"

நான் கீழே சிந்தின சோளத்தைப் பொறுக்கினேன். அந்த ஆளைத் திட்டுவதற்கு ஏழு வருஷமும் எனக்கு வாய் இருந்தது. இதைச் சொல்ல ஒரு நிமிஷம் வாய் வரவில்லை.

"போ" என்றாள். "எனக்கு வந்தத, அந்தப் பொண்ணுகிட்ட நேராச் சொல்லு. ஆஸ்பத்திரிச் சீட்டு அந்தப் பையிலதான் இருக்குது, எடுத்துக்கினு போ. காட்டு."

சீட்டை எடுத்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு மறுபடியும் பஸ் ஸ்டாப்புக்கு நடந்தேன்.